அடி அறுத்த காளான்

என் நாத்தனாரின் கணவருக்குக் காளானைப் பற்றி எல்லாம் தெரியும். அதை அவரே சொல்வார். பெருமுக்கல் மலையடியில் அவருக்கு நிலம் இருக்கிறது, இடி இடித்து மழை பெய்தால் மறுநாள் காலையில் புற்றோரம் போய் நிற்பார், ஆகவே அவர் நிபுணர். நான் கல்லூரியில் மூன்று வருடம் தாவரவியல் படித்தவள், ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். கையில் துணிக்கடைப் பை. பை நிறைய வெள்ளைக் காளான்.

"புத்துக்காளான். கடைல டப்பால விக்கிறானே, அதெல்லாம் ரப்பரு. இது கறி மாதிரி இருக்கும்," என்றார்.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையை விடப் பெரிய குடை, மேலே பழுப்புச் செதில்கள். தண்டில் ஒரு வளையம் இருந்தது. விரலால் தள்ளினால் மோதிரம் போல மேலும் கீழும் நகர்ந்தது. புற்றுக்காளானின் குடை நடுவில் கூம்பி நிற்கும். இது தட்டையாக இருந்தது. தண்டின் அடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். புற்றுக்காளானுக்கு அது வேர்போல நீண்டு, மண்ணுக்குள் கரையான் கூடு வரை இறங்கும். பையில் ஒன்றுக்குக்கூட அடி இல்லை. எல்லாம் கத்தியால் சீராக அறுக்கப்பட்டிருந்தன.

"அடி எங்கண்ணா?"

"வேரோட புடுங்குனா அடுத்த வருசம் அந்த எடத்துல வராதும்மா. மண்ணு மட்டத்துல அறுத்துக்கினு வந்துடணும். இதுகூடவா காலேஜுல சொல்லித் தரல?"

என் மகள் சிரித்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள், மாமாவின் கேலி அவளுக்குப் பிடிக்கும். எங்கள் பக்கம் காளான் பறிக்கிற எல்லோரும் இப்படித்தான் அறுக்கிறார்கள். இன்ன காளான் என்று காட்டிக்கொடுக்கிற பாகத்தைப் பக்தியோடு மண்ணிலேயே விட்டுவிட்டு, மிச்சத்தைக் குழம்பு வைக்கக் கொண்டு வருகிறார்கள்.

மகள் கைபேசியில் படம் எடுத்து ஏதோ செயலியில் போட்டாள். அது மூன்று பெயர் சொன்னது.

"மூணும் நம்ம காளான்தான்," என்றார் அவர். "போன்ல இன்னா தெரியும்? பாப்பா, அந்தக் கொலுசைக் கழட்டு."

மஞ்சள் போட்டுக் கொதிக்கிற காளானில் என் மகளின் வெள்ளிக் கொலுசைப் போட்டு, கரண்டியால் தூக்கிக் காட்டினார். "கறுத்துச்சா? கறுக்கல. அவ்ளோதான் டெஸ்ட்டு."

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அவித்த முட்டையோடு கிடந்தாலும் கறுக்கும். காளானின் விஷத்துக்கும் கொலுசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொன்னது, "எனக்கு வேணாம்ணா, அசிடிட்டி." படித்த திமிர் என்ற பேச்சு வரக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை பேஜாராகக் கூடாது. என் தட்டைக் காப்பாற்றிக்கொண்டேன். மகளின் தட்டில் என் கையாலேயே பரிமாறினேன். இரண்டாம் முறை கேட்டாள், அப்போதும் போட்டேன்.

ஒன்றரை மணி நேரத்தில் அவளுக்கு வாந்தி ஆரம்பித்தது. பிறகு வயிற்றுப்போக்கு. நாலு மணிக்குள் எழுந்து நிற்க முடியவில்லை, உதடு வெளுத்துவிட்டது. இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டிருந்த என் கணவர் ஒரு தடவை வாந்தி எடுத்ததோடு சரி. திண்டிவனத்தில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, விழுப்புரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்த நாத்தனார் கணவருக்கு வழியில் போன் போட்டோம். "மோரு குடுங்க, ஜல்தியா நின்னுடும்," என்றார்.

விழுப்புரத்தில் இருந்த பெண் மருத்துவருக்கு என் மகளை விடப் பத்து வயதுதான் கூட இருக்கும்.

"என்ன காளான்மா?"

"தெரியல டாக்டர்."

"சீக்கிரமா வாந்தி வந்திருக்கு, அது நல்லதுதான். லேட்டா வர்ற வகைதான் லிவரைப் புடிக்கும். ஆனா பையில ரெண்டு வகை கலந்திருந்தா? அந்த வகைக்கு அடியில கிண்ணம் மாதிரி ஒரு உறை இருக்கும். பார்த்தீங்களா?"

"அடியை அறுத்துட்டாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

சமைக்காமல் எஞ்சிய நான்கு காளான்களை என் கணவர் வீட்டுக்குத் திரும்பிப் போய் டிபன் டப்பாவில் கொண்டு வந்தார். நர்ஸிடம் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, தண்டைக் கிள்ளிவிட்டு, குடைகளின் அடிப்பக்கம் தாளில் படும்படி வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பாத்திரத்தால் மூடினேன்.

"இன்னாக்கா, இங்கியே சமைக்கப் போறீங்களா?" என்றாள் நர்ஸ்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஆய்வகத்தில் செய்தது. காளானின் வித்துகள் தூளாக உதிர்ந்து தாளில் படியும், அதன் நிறம் வகையைச் சொல்லும். காலையில் பாத்திரங்களை எடுத்தேன். நான்கு தாளிலும் சாம்பல் கலந்த பச்சை வட்டம். புற்றுக்காளானாக இருந்தால் இளஞ்சிவப்பு விழுந்திருக்கும், கல்லீரலை அழிக்கும் வகையென்றால் வெள்ளை. பச்சை என்றால் குடலைப் புரட்டி எடுக்கும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. மருத்துவர் தாளைப் படம் எடுத்துக்கொண்டார். "இது இந்த நாலுக்குத்தான்மா சாட்சி. அவ சாப்பிட்டதுக்கு இல்ல. மூணு நாள் பார்த்துடலாம்," என்றார்.

மூன்று நாளும் அவள் கண்ணின் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன், மஞ்சள் தட்டுகிறதா என்று. அவள் தூங்கும்போதும் இமையை விலக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையிலும் கல்லீரலில் ஒன்றுமில்லை என்றார்கள்.

அன்று சாத்துக்குடிப் பையோடு நாத்தனாரும் அவள் கணவரும் வந்தார்கள்.

"காளான் நல்ல காளான்தான். பாப்பாவுக்கு வயிறு வீக்கு," என்றார் அவர்.

"வாயை மூடுங்க. திங்கக்கெழம வரைக்கும் கக்கூஸ்லயே குடியிருந்தது யாரு?" என்றாள் நாத்தனார்.

"அது பஸ் ஸ்டாண்டு போண்டாடீ."

என்னால் அதற்குமேல் முடியவில்லை. "அது புத்துக்காளான் இல்லண்ணா. பையைப் பார்த்தப்பவே எனக்குச் சந்தேகம்," என்றேன்.

"சந்தேகமா? அப்போ வாயில இன்னா வச்சிக்கினு இருந்த?"

அந்த மனிதர் ஆயுளில் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. கட்டிலில் சாய்ந்திருந்த மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பரிமாறியதும் கைபேசியைப் பார்க்கிறாள், கல்லூரிக் கதை எதையாவது சொல்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள். நான் முதல் வாய் எடுத்து விழுங்கிய பிறகுதான் தட்டில் கை வைக்கிறாள். நான் இப்போதெல்லாம் சீக்கிரமாகவே சாப்பிட உட்கார்ந்துவிடுகிறேன்.