இருதயம்மாள் வாயில் நிற்காத ரகசியம்

இருதயம்மாளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் அந்த ஆஸ்பத்திரியில் எப்போதோ ஒழிந்துபோயிருந்தது. மூன்றாம் மாடிப் பெண்கள் வார்டில் அவர் சீனியர் நர்ஸ். பெரிய டாக்டருக்கு மாற்றல் வரப்போவது, டாக்டருக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே லிஃப்ட்காரருக்குத் தெரிந்திருந்ததென்றால், அதற்குக் காரணம் இருதயம்மாள்தான். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. செய்தி என்று ஒன்று கிடைத்துவிட்டால் யாரிடமாவது இறக்கி வைக்காதவரை அவருக்குத் தலையே வெடித்துவிடும்.

டெல்லியில் அவரை நிலைக்க வைத்ததும் அந்த வாய்தான். இருபத்திரண்டு வயதில் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கியபோது ஹிந்தியில் 'பானி' ஒன்றுதான் தெரியும். நோயாளிகளோடும் அவர்களுக்குத் துணை வந்தவர்களோடும் தப்பும் தவறுமாகப் பேசிப் பேசியே கற்றுக்கொண்டார். ஆறாவது மாதம் பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டு ஜெயித்தார்.

இப்போது ஐம்பத்தெட்டு வயது. ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருக்கிறது. ரிட்டயர் ஆனதும் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கணவர் ஏசுதாஸ் ஏற்கெனவே ரிட்டயர் ஆகி, வீட்டுச் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர். இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிளாட் பார்க்கப் போவார்கள். விலையைக் கேட்டுவிட்டு எங்காவது டீ குடித்துத் திரும்பி வருவார்கள்.

இந்த நிலைமையில்தான் யாரோ இருதயம்மாளை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். பங்குச் சந்தையில் பணம் பண்ணச் சொல்லித் தரும் குரூப். நூற்று நாற்பது பேர். காலையில் ரோஜாப்பூவோடு குட்மார்னிங், சாயங்காலம் ஆளாளுக்கு லாபம் வந்த படம். நிஹாரிகா மேடம் என்று ஒருத்தி, "இருதயா ஜி, சாப்பிட்டீர்களா?" என்று தனியாக ஹிந்தியில் விசாரிப்பாள். அவர்கள் கொடுத்த ஆப்பில் இருதயம்மாள் பத்தாயிரம் போட்டார். நான்கே நாளில் அது பன்னிரண்டாயிரம் என்று காட்டியது. சோதித்துப் பார்க்க இரண்டாயிரத்தை வெளியே எடுத்தார். நிஜமாகவே பேங்க் கணக்கில் வந்து விழுந்தது! வார்டு முழுக்கச் சொல்லியாயிற்று. ஏசுதாஸ் மட்டும், "பத்தாயிரத்தோட நிறுத்திக்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நிஹாரிகாவிடமிருந்து நீளமாக ஒரு மெசேஜ் வந்தது. பெரிய கம்பெனி ஒன்றின் பங்கு திங்கட்கிழமை மட்டும் சலுகை விலையில் கிடைக்கும். குரூப்பில் ஒரே ஒருவருக்குத்தான் ஒதுக்கீடு, அது இருதயா ஜிக்கு. ஐந்து லட்சம் போட்டால் மூன்றே வாரத்தில் பத்து லட்சம். ஆனால் வெளியே தெரிந்தால் ஒதுக்கீடு ரத்தாகிவிடும். வீட்டிலும் சொல்லக் கூடாது. பேங்கில் கேட்டால் வீடு ரிப்பேருக்கு என்று சொல்லிவிடவும்.

ஃபிளாட்டுக்கு முன்பணமாகக் கொடுக்க ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருந்தது சரியாக ஐந்து லட்சம். இருதயம்மாள் மனதுக்குள்ளேயே அந்த ஃபிளாட்டுக்குப் பால் காய்ச்சிவிட்டார். திங்கட்கிழமை வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார்.

அந்த முடிவோடு ஒரு ராத்திரியைக் கழிப்பதற்குள் மனுஷிக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. வாயைத் திறந்தால் அது வந்துவிடுமோ என்று எதையுமே பேசாமல் இருந்தார். மீன் குழம்பில் உப்புத் தூக்கலாக இருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பல்லு வலியா?" என்று கேட்டார் ஏசுதாஸ்.

இருதயம்மாள் ஆமென்று தலையை ஆட்டினார். ஏசுதாஸ் ஒரு கிராம்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சனிக்கிழமை டியூட்டி முடிந்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனார். நம் ஊர்ச் சாமான் விற்கும் அம்பியின் கடையில் இருபது வருடமாக வாடிக்கை. அம்பி பேச்சில் மகா சிக்கனம். அவர் எடை போடுவார், இருதயம்மாள் பேசுவார், அவ்வளவுதான் ஏற்பாடு.

"நல்லெண்ணெய் ஒரு லிட்டர். புளி அரைக் கிலோ" என்று சொல்லிவிட்டு இருதயம்மாள் நிறுத்திக்கொண்டார்.

அம்பி தராசிலிருந்து தலையை நிமிர்த்தினார். "என்ன சிஸ்டர், உடம்புக்கு என்ன?"

அதற்கு மேல் தாங்கவில்லை. "அம்பி சார், ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். நீங்கதான் வாயே தொறக்க மாட்டியளே" என்று ஆரம்பித்து நிஹாரிகா, ஒதுக்கீடு, ஐந்து லட்சம், பேங்கில் சொல்ல வேண்டிய பொய் வரை மூச்சுவிடாமல் கொட்டிவிட்டார்.

புளி எடுத்த கையோடு அம்பி அப்படியே நின்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து போனை எடுத்து நீட்டினார். அவரும் அதே குரூப்பில்தான் இருந்திருக்கிறார்.

'அம்பி ஜி' என்று தொடங்கியது மெசேஜ். அதே பங்கு, அதே திங்கட்கிழமை, அதே ஒரே ஒருவர். எழுத்துப்பிழைகள்கூட அதே இடத்தில். தொகைதான் வேறு, எட்டு லட்சம்.

"ஆத்துலகூடச் சொல்லலை சிஸ்டர்" என்றார் அம்பி. "திங்கட்கிழமை கார்த்தால மொத வேலையா கட்டறதா இருந்தேன். எனக்கு மட்டும்தான்னு போட்டிருந்தாளே!"

"எனக்கும் மட்டுந்தான். நூத்தி நாப்பது பேர்ல இன்னும் எத்தன ஒரே ஒருத்தர் இருக்காவளோ!"

அம்பிக்குத்தான் யோசனை வந்தது. "போட்டதைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கோ. தராளா பார்ப்போம்."

இருதயம்மாள் அங்கேயே நின்று முழுப் பணத்தையும் கேட்டு மெசேஜ் போட்டார். உடனே பதில் வந்தது. முதலில் இருபது சதவீதம் வரி கட்ட வேண்டுமாம், கட்டினால் பணம் விடுவிக்கப்படுமாம்.

"எங் காச எனக்குத் தர நான் எதுக்குக் காசு கட்டணும்?" என்று அம்பியிடம் எகிறினார், ஏதோ அம்பிதான் நிஹாரிகா என்பதுபோல். பிறகு குரூப்பிலேயே ஹிந்தியில் எழுதினார்: 'உங்களுக்கு மட்டும் என்று யாருக்கெல்லாம் மெசேஜ் வந்தது? எனக்கும் என் கடைக்காரருக்கும் வந்திருக்கிறது.' ஒரு நிமிஷம் ஆகவில்லை, குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். 'எனக்கும் வந்தது' என்று எழுதிய அம்பியை அடுத்த நிமிஷம்.

சைபர் மோசடிக்கான 1930 எண்ணைக் கடையிலிருந்தே கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் இருந்த பெண், "மா ஜி, கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்று மூன்று தடவை கெஞ்சிய பிறகு புகார் பதிவானது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏசுதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். திட்டு விழும் என்று காத்திருந்தார். ஏசுதாஸ் கரண்டியை வைத்துவிட்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப ஒடம்புக்கு ஒண்ணும் இல்லயே?"

"ஒடம்புக்கு என்ன?"

"நேத்துலருந்து நீ பேசவே இல்ல. ஏதோ கெட்ட ரிப்போர்ட்டு வந்திருக்கு, எங்கிட்ட மறைக்கியோன்னு நெனச்சேன். ஒம் பையக்கூடத் தொளாவிப் பாத்தேன்." அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "எட்டாயிரம் போனாப் போவுது. இனிமே எதுக்கும் இப்படி வாய மூடிக்கிட்டு இருக்காத."

முப்பது வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இருதயம்மாள் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். பிறகு பேச ஆரம்பித்தார். சோறு குழைந்ததைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்ததும், நடந்ததை எல்லோருக்கும் சொல்லப் பாதிரியார் அவருக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார். இருதயம்மாள் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. சிரிக்காமல் இருந்தது கிளமெண்ட் மட்டும்தான். குருகிராமில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. யார் போன் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் தேடுவார்கள். எல்லோரும் கலைந்த பிறகு வந்து நின்றான்.

"ஆன்ட்டி, எனக்கும் வந்துச்சு. திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காம நான் வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டேன். மூணு லட்சம். கம்ப்யூட்டர் படிச்சவன் ஏமாந்துட்டேன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"எங்கிட்ட சொல்லிட்டல்ல? வெக்கத்த அப்புறம் பாத்துக்கிடலாம். போன எடு."

புகார் சீக்கிரம் போனதால், கிளமெண்ட் அனுப்பியதில் ஒரு லட்சத்துச் சொச்சம் யாரோ ஒருவரின் கணக்கில் முடக்கி வைக்கப்பட்டது. மிச்சம் எங்கே போனதென்று இன்னும் தெரியவில்லை. இருதயம்மாளின் எட்டாயிரம் வரவே இல்லை.

அடுத்த வாரம் எழுத்து மூலம் புகார் கொடுக்கக் கிளமெண்ட் சைபர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, துணைக்கு இருதயம்மாளும் போனார். வெளியே நீள பெஞ்சில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். நல்ல உடுப்பு, கையில் பேங்க் காகிதங்கள். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. கிளமெண்ட் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றான். இருதயம்மாள் இடித்துப் பிடித்து நடுவில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த வயதான சர்தார்ஜியிடம் ஹிந்தியில் கேட்டார்:

"எனக்கு நிஹாரிகா. உங்களுக்கு எந்த மேடம், பாய் சாப்?"

சர்தார்ஜி திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். பிறகு தாடிக்குள் சிரிப்பு வந்தது. "காவ்யா" என்றார்.

"எனக்கும் காவ்யாதான்" என்றது பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு குரல்.