கேட்காமல் விட்ட எட்டாவது பாட்டு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது தென்காசியில் நான்கு மாதங்களுக்கு ஒரே ஒரு ஆல்பம்தான் பாடிக்கொண்டிருந்தது. சென்னைப் பெண் ஒருத்தி, சினிமாவுக்காக இல்லாமல், தானாகவே எழுதிப் பாடி வெளியிட்ட எட்டுப் பாட்டுகள். பஸ் ஸ்டாண்டில் அதுதான், ஆட்டோக்களில் அதுதான். குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் மங்குஸ்தான் விற்கிறவர்கள் கடைக்குக் கடை ஸ்பீக்கர் வைத்து அதையே போட்டார்கள். அருவியே கொஞ்சம் அடக்கி வாசிப்பதுபோல இருந்தது. பள்ளியில் பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போகும்போது எங்கள் கால்கள் அந்தத் தாளத்தில்தான் நடந்தன.

ஊரில் அதைப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். என் மாமா, அம்மாவின் தம்பி. தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. உள்ளூரில் அச்சாகும் மாதப் பத்திரிகை ஒன்றில் இசை விமர்சனம் எழுதுவார். அந்தப் பத்திரிகையை அதில் எழுதுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் மட்டுமே படித்ததால், அதுவரை யாருக்கும் எந்தக் கெடுதலும் நேர்ந்ததில்லை.

அந்த ஆல்பத்தை மாமா கேட்டபோது நான் கூடவே இருந்தேன். அம்மாவின் செல்போனில், ஹெட்செட்டின் ஒரு முனை அவர் காதில், மறுமுனை என் காதில். நான் தலையாட்டிக் கேட்டேன். அவர் வயிற்றுவலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். ஏழாவது பாட்டு முடிந்ததும் செல்லில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வீட்டில் கரண்டும் இல்லை. "மிச்சம் மட்டும் என்ன பெருசா இருந்துறப் போவுது" என்று சொல்லிவிட்டு மாமா எழுத உட்கார்ந்தார். எனக்கு அது தவறாகப் படவில்லை. சமூக அறிவியலில் கடைசிப் பாடத்தை நானும் அப்படித்தான் விட்டிருந்தேன்.

'எட்டுப் பாட்டும் ஒரே பாட்டு' என்பது தலைப்பு. 'இந்தப் பெண் பாடவில்லை. சளி பிடித்த பஸ் ஹாரனுக்கு மெட்டுப் போட்டிருக்கிறார்கள்' என்று உள்ளே ஒரு வரி. அந்த வரியை யாரோ செல்லில் படம் பிடித்து அனுப்ப, இரண்டே நாளில் கடையநல்லூரிலிருந்து கடையம்வரை பரவியது. துபாய்க்கும் போனது. அங்கே இருந்த ஊர்க்காரர்களின் வசவுகளையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது.

சலூனில் மாமாவுக்கு ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் சிரைத்துவிட்டு, கடைக்காரர் டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. டீக்கடையிலோ மாமா தலை தெரிந்ததும் பாட்டுச் சத்தம் கூடும். வகுப்பில் அவர் போர்டுப் பக்கம் திரும்பினால் பின்பெஞ்சிலிருந்து யாராவது மெதுவாக ஹாரன் அடிப்பார்கள். மாமா அசரவில்லை. உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் எழுதியதை ஊர் படித்தது அதுவே முதல் தடவை.

கலங்கியது அம்மாதான். ராயகிரியிலிருந்து வந்த சம்பந்தம் தட்டிப்போனது. "மாப்பிள்ளைக்குக் குடி, சீட்டு ஒண்ணும் கிடையாதுன்னு விசாரிச்சுட்டோம். ஆனா அந்த விமர்சனம் எழுதுனவர்னு சொல்லுதாவளே" என்று தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அடுத்து வந்தது கடையத்துப் பெண். விவசாய ஆபீசில் வேலை. குற்றாலத்தில் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. வேன் ஏறும் முன் அம்மா என்னைத் தனியே இழுத்துப் போனாள். "ஏட்டி, பாட்டுங்கிற வார்த்தையே அங்கன உன் வாயில வரக்கூடாது" என்றாள். நான் சத்தியம் செய்தேன்.

அன்று நல்ல சாரல். பெண்ணின் அண்ணன் போலீஸ்காரர், தூண் மாதிரி ஆள். இரண்டு குடும்பமும் வணக்கம் சொல்லி மண்டபத்தில் உட்காருவதற்குள் அவர் சட்டைப்பையில் ஆல்பத்தின் முதல் பாட்டு அலறியது. ரிங்டோன். பல்லவி முழுதும் முடியட்டும் என்று விட்டுவிட்டு அப்புறம்தான் போனை எடுத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாமா தூண்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பெண் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். "அந்த விமர்சனம் எழுதுனது நீங்கதானே?"

"அது வேற ஆளும்மா. ஒரே பேரு, அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

"நாந்தான்" என்றார் மாமா.

"அந்த ஹாரன் நீங்கதானா?" என்று போலீஸ்காரர் எழுந்தே நின்றுவிட்டார். தங்கை அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு மாமாவிடம் கேட்டாள்.

"எட்டாவது பாட்டப் பத்தி மட்டும் ஒண்ணுமே எழுதலயே. அதுல அந்தத் தவில் எப்படி?"

"தவிலா? ஒரே இரைச்சல். பாட்டையே அமுக்கிட்டு."

"அதுல தவில் கிடையாது. எந்த வாத்தியமும் கிடையாது. வெறும் குரல் மட்டுந்தான்."

மாமாவின் காதுமடல்கள் சிவந்தன. அவரைக் காப்பாற்ற என்னைவிட்டால் ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

"மாமா மேல தப்பு இல்லக்கா. ஏழு பாட்டு முடிஞ்சதும் செல்லுல சார்ஜ் போயிட்டு. அதான் எட்டாவதக் கேக்கல" என்றேன்.

அம்மா கிள்ளிய இடம் நான்கு நாள் கன்றியிருந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து தன் செல்லையும் ஹெட்செட்டையும் எடுத்து நீட்டி, "இப்ப கேளுங்க" என்றாள்.

மாமா வாங்கி மாட்டிக்கொண்டார். இரண்டு குடும்பமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த நாலைந்து பேர், என்ன விசேஷம் என்று தெரியாமலே நின்று பார்த்தார்கள். முதலில் மாமா பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடுதான் இருந்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. பாட்டு முடிந்த பின்னும் அவர் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. அம்மாதான் அவர் தோளைத் தொட்டாள்.

"அந்த ஏழு பாட்டுக்கு எழுதுனதுல ஒரு எழுத்தையும் மாத்த மாட்டேன்" என்றார் மாமா, போலீஸ்காரரைப் பார்த்து. "ஆனா இதக் கேக்காம எழுதுனது தப்பு. இது ரொம்ப நல்லாருக்கு. அடுத்த மாசம் அப்படியே எழுதிருதேன்."

"எனக்கும் அந்த ஏழு பிடிக்காது" என்றாள் அவள்.

போலீஸ்காரர் அறை வாங்கியவர்போலத் திரும்பினார். "ஏட்டி, என்ன சொல்லுத? வீட்டுல நாள்பூரா போடுதேனே, ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீ விட்டிருப்பியாண்ணே?"

மாமா சொன்னபடி எழுதினார். தன் முந்தைய விமர்சனம் எட்டில் ஏழு பங்கு மட்டுமே செல்லும் என்று ஆரம்பித்திருந்தார். போலீஸுக்குப் பயந்து மாற்றி எழுதிவிட்டார் என்று ஆல்பத்தின் ரசிகர்கள் சொன்னார்கள். ஆல்பத்தைப் பிடிக்காமல் மாமாவுக்கு ரகசியமாகக் கைகொடுத்த இரண்டு பேர் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். கடையத்திலிருந்து மட்டும் சம்மதம் என்று தகவல் வந்தது.

எனக்கு அந்தச் சம்மதம் புரியவில்லை. எங்கள் வகுப்பில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டவர்களை டீச்சர் எல்லோர் முன்னாலும் நிற்க வைப்பார். அதன்பிறகு வருஷம் முழுக்கத் தன் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். மாமாவுக்கும் அதுதான் நடக்கிறது என்று தீர்மானித்துக்கொண்டேன். ஆவணியில் கல்யாணம் நடந்தபோது, என்னால்தானே மாட்டினார் என்று தேம்பித் தேம்பி அழுதேன். பிள்ளைக்கு மாமா மேல் எவ்வளவு பாசம் என்று உறவுக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய தண்டனையை வாங்கிக்கொண்டு மாமா ஏன் இப்படிப் பல் தெரியச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.