பிரஷர் போதவில்லை

எங்க அக்காவைத் தெருவுல எல்லாரும் பிரஷர் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டுட்டு, தையல் கடைக்கு மாடியில ஒரு அறையைப் பிடிச்சவ. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போறவங்களுக்கு பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பா. போடலைன்னா வீடு தேடிப் போய்த் திட்டுவா. வாய்னா வாய், அப்படி ஒரு வாய்! அறை வாடகை, மாத்திரை எல்லாம் ஒரு அறக்கட்டளை நிதியில ஓடுச்சு. வசதியான பேட்டையில பிரஷரால விழறவங்க கம்மி, எங்க பக்கம் ஜாஸ்தி. அந்த வித்தியாசத்தைக் குறைக்கத்தான் நிதி.

இவ குறைச்சுட்டா. அங்கதான் வந்தது வினை.

நிதி அதிகாரி வந்து டையைச் சரிபண்ணிக்கிட்டே சொல்றார்: "வாழ்த்துகள் மேடம். இப்ப உங்க பகுதியில வித்தியாசமே இல்லை. அதனால இனிமே நிதியும் இல்லை."

"சார், மாத்திரை போடறதாலதான் குறைஞ்சிருக்கு. நிறுத்தினா மறுபடி ஏறிடும்."

"ஏறட்டும். ஏறினதும் விண்ணப்பிங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த டையைப் பிடிச்சு இழுத்திருப்பேன், அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. போனாப் போகுதுன்னு அவர் ஒரு சலுகை கொடுத்தார். அடுத்த வாரம் வந்து அளப்பாராம், ஏறியிருந்தா யோசிப்பாராம்.

அறையை மூடப் போறாங்கன்னு தெரிஞ்சதும் தெருவே பிரஷரை ஏத்தக் கச்சை கட்டிக்கிட்டு இறங்கிடுச்சு. கொத்தனார் உப்பை உள்ளங்கையில கொட்டி நக்கறார். "கவலைப்படாதீங்க அக்கா, என் மாமியாரை வந்து தங்கச் சொல்லிட்டேன்"னார் இஸ்திரிக்காரர். பேச்சுவார்த்தையே இல்லாத ரெண்டு ஓரகத்திங்க பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து பழைய சண்டையெல்லாம் தேடி எடுத்தாங்க.

அக்கா தலையில அடிச்சுக்கிட்டா. "பாவிங்களா, உப்பைக் கீழ போடுங்க! நீங்க செத்துத் தொலைஞ்சா நான் யாருக்குக் கடை விரிக்கிறது?"

யார் கேட்டா? ஆனா மாத்திரையை மட்டும் ஒருத்தரும் நிறுத்தலை. நிறுத்தினா அக்கா திட்டுவாளாம்!

அதிகாரி வந்த அன்னிக்கு வரிசை மாடிப்படி தாண்டி வாசல் வரைக்கும் நின்னுச்சு. அளக்க அளக்க நார்மல். "இன்னொரு தடவை பாருங்க சார், எனக்குக் கண்டிப்பா இருக்கும்"னு கொத்தனார் அழாத குறையாக் கெஞ்சினார். ஓரகத்திங்களுக்கு முன்னைவிட இறங்கியிருந்தது. மனசு விட்டுத் திட்டிக்கிட்டதுல பாரம் குறைஞ்சிருக்கும்.

"ஒருத்தர்கூடவா இல்லை?" அதிகாரிக்கே ஏமாற்றமாப் போச்சு. "மேடம், நீங்க உட்காருங்க, பார்ப்போம்."

அக்கா கையில பட்டையைச் சுத்தினார். மெஷின் கூவுச்சு. வேற மெஷின் வச்சார். அதுவும் கூவுச்சு.

"அடி சக்கை! கிடைச்சிடுச்சு!"ன்னு கொத்தனார் குதிச்சார். படியில நின்னவங்க எல்லாம் கை தட்டினாங்க. அதிகாரி சந்தோஷமாப் பேனாவைத் திறந்தார்.

நான் மட்டும் அந்த எண்ணைப் பார்த்தேன். இருநூறைத் தாண்டியிருந்தது. அலமாரியில இருந்து மாத்திரையை எடுத்து அவ முன்னாடி நீட்டினேன். "அக்கா, முதல்ல இதைப் போடு."

அவ முகமெல்லாம் வேர்த்திருந்தது. என் கையை மெதுவாத் தள்ளிவிட்டா.

"சும்மா இருடி," காதோட சொன்னா. "அவர் கையெழுத்துப் போடட்டும். இறங்கிடப் போகுது."