வெற்றிலைத் தட்டும் மார்கழியும்

இன்று காலை எங்கள் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் தம்பி, எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஏந்தி வாசலில் வந்து நின்றார். தட்டைப் பார்த்ததுமே எனக்குச் சேதி புரிந்துவிட்டது. வீட்டைக் காலி செய்கிறவர், நல்ல மனசோடு போகிறோம் என்பதற்கு இப்படித்தான் வந்து சொல்வார்.

அருப்புக்கோட்டையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தபோது நானும் ஒருநாள் அப்படி நின்றேன். வீட்டுக்காரம்மாவை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கணவர் சவூதியில் இருந்தார். மகளின் நர்சிங் படிப்பு நாங்கள் கொடுத்த வாடகையில்தான் ஓடியது. பாளையம்பட்டிப் பக்கம் நாங்கள் சின்னதாக வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும் என்றது ஒப்பந்தம். ஆனால் ஒப்பந்தத்துக்கு மார்கழி தெரியாதே! அந்த மாதம் எங்களவர்கள் வீடு மாற மாட்டார்கள். கார்த்திகையிலேயே போய்விடுவது என்று முடிவு செய்து, ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை என் மனைவி தட்டைக் கையில் கொடுத்து என்னைக் கீழே தள்ளிவிட்டாள். வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் சொல்லக்கூடாதாம்.

“சொந்த வீட்டுக்குப் போறவுகள நான் எதுக்குத் தம்பி மறிக்கப் போறேன்? நல்லா இருங்க” என்றார் அக்கா. தட்டை வெறுமனே திருப்பித் தராமல் பேரீச்சம்பழம் நிறைத்துக் கொடுத்தார். அந்த வாரமே அவருடைய சொந்தக்காரத் தம்பதிக்கு மாடியைப் பேசி முடித்தார். அந்தப் பெண் மாசமாக இருந்தாள். கார்த்திகை கடைசியில் அவர்களும் இருக்கும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

அப்புறம் பிடித்தது மழை. எங்கள் வறண்ட காட்டில் மழையைத் திட்ட யாருக்கு மனசு வரும்? ஊரே கண்மாயைப் பார்த்துச் சிரிக்க, நான் மட்டும் காயாத சுவரைப் பார்த்து நொந்துகொண்டிருந்தேன். நிலைக்கதவும் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் நாங்கள் தெருவில். தை வரை இருக்கிறோம் என்றால் வயிற்றுப்பிள்ளைக்காரி தெருவில்.

வெறுங்கையோடு போய் அக்காவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“கார்த்திகையில பால மட்டும் காய்ச்சிப்போடுங்க தம்பி. காய்ச்சிட்டா நீங்க குடிபோனவுகதான? சாமான மார்கழியில ஏத்துனா யாரு கேக்கப் போறா? மாடிக்கு வர்ற அந்தப் புள்ளைக பத்து நா எங்கூடக் கீழ இருந்துக்கிரும். ஒங்களுக்கு முன்னாடி இருந்தவுக இப்பிடித்தான செஞ்சாக!”

அக்கா வீட்டில் மார்கழி பார்ப்பதில்லை; ஆனாலும் எத்தனையோ குடித்தனங்களைப் பார்த்தவர். எங்கள் வழக்கத்தை எங்களுக்கே எடுத்துக் கொடுத்தார். கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு செய்வாளா என்று கண் கலங்கிவிட்டது. கதவில்லாத வீட்டில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே பால் காய்ச்சினோம். அக்கா ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். பால் பொங்கியதும் முதலில் கை தட்டியது அவர்தான். மார்கழியில், வாசலில் தார்ப்பாய் தொங்க, ஈரச் சுவர்களுக்குள் தும்மிக்கொண்டே குடியேறினோம்.

“அண்ணே...” என்று இன்று வாசலில் இழுத்தார், அதே வீட்டின்மேல் பிறகு நாங்கள் எழுப்பிய மாடியில் இருக்கும் தம்பி. “சொந்த வீடுதான். பூச்சு வேல கெடக்கு. அதுக்குள்ள மார்கழி வந்துருமேன்னு...”

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். என் மனைவி அதில், போன வாரம் அக்கா கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தை அள்ளி வைத்தாள். நிறைந்த தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

“என்னைக்குத் தம்பி பால் காய்ச்சுறீக? அக்காவையும் கூட்டிக்கிட்டு வாரேன்.”