தேவையற்றதை அடிக்கவும்

சத்தியம் வாங்குகிற உத்தியோகம் என்றால் நீதிபதி, போலீஸ்காரர், மாமியார் என்று மூன்று பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நாலாவது ஆள் நான், ஒன்றிய ஆபீஸ் கிளார்க்.

தேர்தலில் ஜெயித்து வருகிற ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்கள் கையில் உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்து, வாசிக்க வைத்து, கையெழுத்து வாங்கி ஃபைலில் கட்டுவது என் வேலை. எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி ஜில்லாவானபோது வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூற்றாறில்தான் உள்ளாட்சித் தேர்தலே வந்தது. அந்த ஒரு தாளால் அந்த வருஷம் நான் பட்ட பாடு, ஏதாவது ஒரு கவுண்டரில் ஏதாவது ஒரு படிவத்தோடு மல்லுக்கட்டிய உங்கள் எல்லோருக்கும் புரியும்.

எதை அடிக்கிறது?

படிவத்தில் ஒரே இடத்தில் இரண்டு வாசகம் இருக்கும். ‘கடவுளறிய ஆணையிடுகிறேன்’ என்று ஒன்று. பக்கத்திலேயே ஒரு சாய்கோடு போட்டு ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்று இன்னொன்று. கீழே பொடி எழுத்தில் ‘தேவையற்றதை அடிக்கவும்’. சாமி கும்பிடுகிறவர் ஒன்றை அடிப்பார், கும்பிடாதவர் இன்னொன்றை அடிப்பார், வேலை முடிந்தது என்று இதை அச்சுக்குக் கொடுத்த புண்ணியவான் நினைத்திருப்பார். அவர் எங்கள் ஆபீஸில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

பதவியேற்புக்கு நாலு நாள் முன்னால் அஞ்சலையம்மா வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம், பேர் வேண்டாம். தலைவர் பதவியை அந்தத் தடவை காலனிப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பழைய தலைவர் பார்த்தார். தன் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், களை எடுக்கிற அஞ்சலையம்மாவை நிறுத்தி ஜெயிக்க வைத்துவிட்டார். அன்றைக்கும் கூடவே வந்திருந்தார். நான் படிவத்தை நீட்டினால் அவர் கை முந்துகிறது. “எங்கிட்ட குடுங்க மேடம். அது கைநாட்டு,” என்றார். “நான் அஞ்சாவது படிச்சிருக்கேன்,” என்றார் அஞ்சலையம்மா, யாரையும் பார்க்காமல். எனக்கு அந்த ஆள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. படிவத்தை அந்தம்மா கையிலேயே வைத்தேன்.

எழுத்துக் கூட்டித்தான் படித்தார், ஆனால் ஒரு எழுத்து விடவில்லை. கடைசியில், “உளமார உறுதி கூறுகிறேன் தேவையற்றதை அடிக்கவும்” என்று அதையும் சேர்த்தே சத்தியம் பண்ணிவிட்டு நிமிர்ந்தார். நான் விளக்கினேன். பழைய தலைவர் டீ குடிக்க வெளியே போனதும் குரலை இறக்கி, “ஊருக்கு ஒரு போர் வந்திருக்காமே, அது எங்க போடறதுன்னு யாரு மேடம் எழுதறது?” என்று கேட்டார். காலனியில் குழாய் கிடையாது. பழைய தலைவர் பம்ப்செட் போடுகிற நேரம் பார்த்து அவர் கொல்லைக்குப் போய்த்தான் குடம் ரொப்ப வேண்டும். புது ஆழ்துளைக் கிணற்றையும் தன் கொல்லை ஓரத்திலேயே போட்டுக்கொள்ள அவர் பார்க்கிறார் என்பது ஆபீஸுக்கே தெரியும். “தீர்மானத்துல தலைவர்தான் கையெழுத்துப் போடணும். நீங்கதான் போடணும்,” என்றேன். அஞ்சலையம்மா தலையாட்டிக்கொண்டார். பிறகு படிவத்தைக் காட்டி, சாமி வேண்டாம் என்றால் அந்த வார்த்தையை அடித்துவிடலாம்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“சாமியை அடிக்கிறதுக்குப் பேனாவும் நீங்களே குடுப்பீங்களா மேடம்?”

மேனேஜர் கொண்டுவந்த புத்தகம்

எங்கள் மேனேஜர் சிவலிங்கம் நல்ல மனுஷர். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போவார், ஆபீஸுக்கு அரை மணி முன்னாலேயே வருவார். அவருக்கு இந்தப் படிவமே பிடிக்காது. “வெறும் காகிதத்தைப் படிச்சா எவனுக்கும்மா பயம் வரும்? அவனவன் வேதப் புஸ்தகத்து மேல கை வெச்சு சொல்லணும். அப்பத்தான் திருடறது கம்மியாகும்,” என்பார். சட்டத்தில் அப்படி இல்லை சார் என்பேன் நான். “இல்லாததாலதான் நாடு இந்த லட்சணத்துல கீது,” என்பார். இருவரும் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டை ஓட்டினோம். சும்மா சொல்லக்கூடாது, அவர் சொல்வதில் விஷயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. பயமே இல்லாதவர்களையும் அந்த ஆபீஸில் நிறையப் பார்த்தவள்தானே நான்.

ஒரு நாள் கீதையும் பைபிளும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் ஒன்றிய உறுப்பினராக ஜெயித்திருந்தார். அவரிடம், “உங்க புஸ்தகத்தை நீங்களே எடுத்தாந்துடுங்க பாய்” என்று சொல்லி அனுப்பினார். பாயும் கை கால் முகம் கழுவிக்கொண்டு, பச்சைத் துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தார். மேஜையைப் பார்த்தார். டீ கிளாஸ் வைத்த வட்டங்கள், பசை பாட்டில், ஸ்டாம்ப் பேடு, என் சாப்பாட்டு டப்பா. துடைத்துக் கொடுத்தேன். அப்போதும் வைக்கவில்லை. பீரோ உச்சியைக் காட்டினேன். அங்கே பத்து வருஷத்துத் தூசி. ரெண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, படிவத்தை மட்டும் கேட்டார். ஏன் பாய், என்ன ஆச்சு என்று மேனேஜருக்கு வருத்தம்.

“நாளைக்கு நான் தப்பு பண்ணா என்னைப் புடிச்சுக் கேளுங்க சார். புஸ்தகத்தை எதுக்கு ஜாமீனுக்கு இழுக்கறீங்க?”

மலைக்கு முதுகு

பதவியேற்பு நாளன்று ஹாலில், உறுதிமொழி செய்து வைக்கிற ஆபீசருக்கு மேஜை, மாலை, மைக் எல்லாம் போட்டாகிவிட்டது. ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஆபீசர் இருந்தது ஒரு பக்கம், ஜன்னலில் மலை தெரிவது எதிர்ப் பக்கம். முதலில் வந்த உறுப்பினர் ஒரு விவசாயி. ‘கடவுளறிய’ என்று ஆரம்பித்ததும் அவர் கால் தன்னால் திரும்பிவிட்டது. மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி, ஆபீசருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தார். பின்னால் வந்தவர்களும் அப்படியே. வெளியூர்க்காரரான ஆபீசருக்கு முகம் சிவந்தது. இந்தப் பக்கம் பாருங்கள் என்று மைக்கில் சொல்லிப் பார்த்தார். யார் கேட்கிறது? அரை மணி நேரம் வரிசையாக முதுகுகளிடம்தான் உறுதிமொழி வாங்கினார்.

மேனேஜர் மட்டும் கீதையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நீட்டிப் பார்த்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்களே தவிர, ஒருவரும் அதன்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணவில்லை. அந்த விவசாயியை நிறுத்திக் காரணம் கேட்டார். அவர் ஜன்னல் பக்கம் கையை நீட்டினார்.

“புஸ்தகம்லாம் வேற ஊர்க்காரங்களுக்கு சார். நமக்குத்தான் அத்தாம் பெருசா எதிர்லயே நிக்குதே.”

கறுப்புச் சட்டைக்காரர் சம்சாரம்

சாமி இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிற ஒருவரும் அன்றைக்கு வந்திருந்தார். கறுப்புச் சட்டை, கணீர்க் குரல். படிவத்தை வாங்கியதும் ‘கடவுளறிய’ என்பதை அடித்தார். ஒரு கோடு போதாதா? மூன்று கோடு போட்டார். நாலாவது கோட்டில் தாள் கிழிந்து ஓட்டையே விழுந்துவிட்டது. ஓட்டை விழுந்த படிவத்தை ஃபைலில் கட்ட முடியாது என்றேன். புதுசு கொடுத்தேன், மெதுவாக அடியுங்கள் சார் என்று சொல்லியே கொடுத்தேன்.

கூட வந்த அவர் சம்சாரம் நெற்றி நிறையக் குங்குமம், கையில் கோயில் பிரசாதத் தூக்கு. எனக்கும் ஒரு பிடி பொங்கல் வைத்தார். வீட்டில் சண்டை வராதா என்று வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன். அந்தம்மா சிரித்தார்.

“அவரு அடிக்கிறதை அடிக்கட்டும் மேடம். சாமிக்கும் எனக்கும் ஒரு பேச்சும் நின்னு போவல.”

கற்பூரம் முந்திக்கொண்டது

அஞ்சலையம்மாவின் முறைக்கு இன்னும் நாலு பேர் இருந்தார்கள். என்னை வராந்தாவில் தண்ணீர்ப் பானை பக்கம் கூப்பிட்டார். வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நடுவில் கருகல், ஓரத்தில் சின்னக் கொப்புளம்.

முந்தின நாள் சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். கற்பூரத்தை ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லியிருக்கிறார் பழைய தலைவர்; அவர் காட்டுகிற இடத்தில்தான் கையெழுத்துப் போடுவேன் என்று. சுற்றி அவர் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் அஞ்சலையம்மா அணைத்துவிட்டார். அப்படிப் பண்ணின சத்தியத்தை மீறினால் வீட்டில் ஏதாவது ஆகிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. “பொண்ணு மாசமா கீது மேடம். தலைச்சன்,” என்றார். “கையெழுத்தைப் போட்டா போர் அவரு கொல்லைக்குப் போயிடும். போடலன்னா சாமி கேக்கும். இங்கயும் அதே சாமி பேரைச் சொல்லி ஊருக்கு நல்லது பண்றேன்னு சத்தியம் பண்ணா, அது எதைக் கேக்கும்?”

ஒரு வாரமாக மேனேஜரிடம் சட்டம் பேசினவள் நான். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு அந்தக் கைமேல் ஊற்றினேன். பெற்ற பிள்ளையை வைத்துப் பயமுறுத்தி வாங்கினதெல்லாம் ஒரு சத்தியமா? ஆனால் அதை நான் சொல்லி என்ன? பயம் அந்தம்மாவுடையது. பேர் கூப்பிட்டார்கள். என் பேனாவை வாங்கிக்கொண்டு போனார்.

முன் வரிசையில் பழைய தலைவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அஞ்சலையம்மா படிவத்தை மேஜைமேல் வைத்து, கொப்புளம் படாமல் பேனாவைப் பிடித்து, நிதானமாக ஒரே கோடு போட்டார். மலைப் பக்கம் திரும்பவில்லை. ஆபீசரைப் பார்த்து, ‘உளமார’ என்று எழுத்துக் கூட்டாமல் படித்தார். மனப்பாடம் பண்ணியிருக்கிறார். மேனேஜர் பதறிப்போய்க் கிட்டே குனிந்து, “மாத்தி அடிச்சிட்டியேம்மா, நீ சாமி கும்பிடறவதானே?” என்றார்.

“சாமி பேரை நேத்தே அவங்க எழுதி வாங்கிட்டாங்க சார். மனசைத்தான் இன்னும் யாருக்கும் குடுக்கல. அதுல சொல்றேன், எழுதிக்குங்க.”

போர் போட்ட இடம்

அடுத்த மாசம் தீர்மானப் புத்தகம் எங்கள் மேஜைக்கு வந்தது. இடம்: காலனி, நடுத்தெரு. கீழே அஞ்சலை என்று கோணல் மாணலாக, ஆனால் முழுசாக ஒரு கையெழுத்து. பின்னாலேயே பழைய தலைவர் வந்தார். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினவள் மாறிவிட்டாள், இது செல்லாது என்று மேனேஜரிடம் சத்தம் போட்டார். எனக்கு உள்ளூர உதைப்பு. சத்தியத்துக்குப் பயம் வேண்டும் என்று சொன்னவர் அல்லவா மேனேஜர்? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கற்பூரச் சத்தியத்துக்கான படிவம் எங்கே, எந்த ஃபைலில் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். எங்கும் இல்லை சார் என்றேன். அப்படியானால் எங்களுக்கு வந்தது இது ஒன்றுதான் என்று தீர்மானத்தில் சீல் வைத்தார். கீதையையும் பைபிளையும் அன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்.

அஞ்சலையம்மாவுக்கு அந்தக் கொல்லையில் அதற்கப்புறம் வேலை கிடைக்கவில்லை. கடலை மில்லுக்குப் போனார். போரில் தண்ணீர் வந்தது. பெண்ணுக்கு டாக்டர் சொன்ன பிரசவத் தேதி தாண்டிப்போக, அந்தப் பத்து நாளும் அவரைவிட நான்தான் அதிகம் பயந்தேன் என்று நினைக்கிறேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, பெரியாஸ்பத்திரியிலிருந்து நேராக ஆபீஸுக்கு வந்தார். பேத்தி, தாயும் பிள்ளையும் சௌக்கியம். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். நானும்தான். பிரசவம் முடிகிறவரைக்கும் கையெழுத்தைத் தள்ளிப் போட்டிருக்கலாமே, எப்படித் துணிந்தீர்கள் என்று கேட்டேன்.

“கோயிலுக்குப் போயி நேராவே கேட்டுட்டேன் மேடம், குடிக்கிற தண்ணிக்குக் குறுக்க நிப்பியான்னு. அது ஒண்ணும் சொல்லல. மாரியாத்தாவும் பொம்பளதானே, குடம் தூக்கினா இடுப்பு வலிக்கும்னு தெரியாதா?”

இரண்டாயிரத்து ஒன்று, இரண்டாயிரத்து ஆறு என்று அப்புறமும் எத்தனையோ பேரிடம் அதே படிவத்தை நீட்டியிருக்கிறேன். எதை அடிப்பது என்று அவரவர் கையில் விட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அஞ்சலையம்மா அன்றைக்கு வாங்கிப்போன என் பேனாவைத்தான் இன்றுவரை திருப்பித் தரவில்லை.