தீப்பெட்டி வேண்டாதவன்

திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வாணங்களுக்கு மஞ்சள் நிறம் தரும் ஆக்சலேட் மருந்தைக் கலக்குபவர் சங்கையா. 2006 தீபாவளி சீசனில் அவருக்குச் சிறுநீரகக் கல் வந்தது. அந்தக் கல்லும் ஆக்சலேட்தான் என்று டாக்டரம்மா சொன்னதும் கொதித்துப்போனார்.

"மூக்குல துணி கட்டாம நான் மருந்தத் தொட்டதே இல்ல!"

"தூசியில வரல, அண்ணாச்சி. கீரையிலயும் ஆக்சலேட் இருக்கு. பலரோட குடல்ல ஒரு கிருமி இருக்கு, உங்களுக்கும் இருக்கலாம். அது தன் என்சைமால ஆக்சலேட்ட உடைச்சிரும்; உடையாம மிஞ்சுறது கல்லாகலாம்."

"தீ இல்லாமலா?"

"சூடுகூட வேண்டாம்."

அவர் அறிந்தவரை ஆக்சலேட் தீயில்தான் உடையும்.

மறுநாள் கம்பெனி வாசலில், தீப்பெட்டி இருக்கிறதா என்று காவலாளி வழக்கம்போல் அவர் மடியைத் தடவினான். சங்கையா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கன ஒருத்தன் தீயே இல்லாம மருந்த உடைக்கிறாம்லே. அவன எப்படிச் சோதிப்ப?"