கார்புரேட்டருக்கும் பொட்டு

விஜயதசமி சாயங்காலத்துக்குள் ஓடினால் கார் வீட்டில் இருக்கும். ஓடாவிட்டால் காயலான் கடைக்குப் போகும். எனக்கும் என் மனைவிக்கும் அதுதான் ஒப்பந்தம். கல்யாணமான புதிதில் வாங்கிய கார், ஆறு வருஷமாக ஷெட்டில் கிடந்தது. அவளுக்குத் தையல் மெஷின் போட அந்த ஷெட் வேண்டும். எனக்குக் கார் வேண்டும். ஏன் என்று கேட்டால் காரணமெல்லாம் கிடையாது. வேண்டும், அவ்வளவுதான்.

"ஓடாத வண்டிக்குத் தனி ரூமு, ஓயாம தைக்கிறவளுக்கு நடையில ஒரு மூலை. நல்லாருக்குங்க உங்க நியாயம்!" என்பாள். நியாயம் அவள் பக்கம் இருந்தது.

கார்புரேட்டரைக் கழற்றினால், பழைய பெட்ரோல் உள்ளேயே வற்றி முருங்கைப் பிசின் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. அந்த நாற்றம் முதலியார்பேட்டை முழுக்க அடித்திருக்கும். மூன்று நாள் ஊறவைத்துப் பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அதற்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு உண்டு, சுண்டுவிரல் நகத்தளவுதான். அதன் ஊசித் துளை வழியாகத்தான் இன்ஜினுக்குப் பெட்ரோல் போக வேண்டும். அதை வாயால் ஊதி ஊதியே உதடு எரிந்தது. எல்லாவற்றையும் பழைய பேப்பரில் பரப்பிவைத்து, தங்க நகையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம்!

மறுநாள் ஆயுத பூஜை. கருவியைத் தொடக் கூடாது. விஜயதசமி காலையில் போய்ப் பார்த்தால், அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்பானர் என்று ஒன்றுவிடாமல் சந்தனம், குங்குமம். பேப்பரில் இருந்த பாகங்களுக்கும் வைத்திருந்தாள். துடைத்துவிட்டுப் புது கேஸ்கெட் போட்டு மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். இருமியது, உதறியது, நின்றது. பத்துத் தடவையும் அதே கதைதான். மணி நாலு. ஐந்து மணிக்குக் காயலான் கடைக்காரர் வந்துவிடுவார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுபடி கழற்றி ஜெட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். துளையில் வெளிச்சமே இல்லை. உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது.

"ஏய், இங்க வா! ஜெட்டு பூரா சந்தனத்த அப்பி வச்சிருக்க. வண்டி ஒழியட்டும்னுதான இத செஞ்ச?"

கழுத்தில் டேப்போடு வந்தாள். "ஐயய்யோ! பெருசுக்கெல்லாம் வச்சிட்டு இந்தச் சின்னதுக்கு மட்டும் வைக்காம வுட்டா பாவமா இருக்காதா? அதான் வச்சேன்."

"பாவமாம்ல!" என்று கத்தினேன். அவள் ஜெட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் வெந்நீரில் போட்டாள். பிரஷ்ஷிலிருந்து ஒரு முடியைப் பிய்த்துத் துளையில் விட்டு எடுத்து, ஊதிக் கொடுத்தாள்.

மாட்டிச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது! ஷெட்டுத் தகரமெல்லாம் அதிர்ந்தது. நான் சீட்டில் குதித்தேன், இந்த வயதில். அதே நேரம் வாசலில் காயலான் கடைக்காரரின் டெம்போ வந்து நின்றது. "வண்டி ஓடுதுங்க, போயிட்டு வாங்க" என்று அவளே அனுப்பிவைத்தாள்.

பிறகு என்னிடம், "முன்னால எடுங்க, மெதுவா" என்றாள்.

எடுத்தேன். டயருக்கடியில் சளக்கென்று சத்தம். இறங்கிப் பார்த்தேன். நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது.

"இத எப்ப வச்ச?"

"காலையிலயே, நீங்க குளிக்கப் போனப்ப."

ஓடாத வண்டிக்கு யாராவது எலுமிச்சம்பழம் வைப்பார்களா? கத்தியதை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஓடாம போயிருந்தா?" என்றேன்.

"ஊறுகா போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "நோணாங்குப்பம் பாலம் வரைக்கும் வுடுங்க. திரும்பி வந்து வண்டிய தெருவுல நிறுத்துங்க. ஷெட்டு எனக்கு."